காலண்டரை எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்கு வாருங்கள்

எங்கள் வீட்டுச் சமையலறைச் சுவரில் தொங்கும் தினசரி காலண்டரை ரொம்ப வருடம் ராகு காலத்துக்கும் லீவு நாளுக்கும் மட்டும்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். தாளின் அடியில் பொடி எழுத்தில் ஒரு வரி இருக்கும்: 'ரோகிணி இரவு 9.12 வரை, பின்பு மிருகசீரிடம்'. அது ஜோசியம் பார்ப்பவர்களுக்கான சமாச்சாரம் என்று விட்டுவிடுவேன். பிறகுதான் தெரிந்தது, அது ஒரு விலாசம். இன்றைக்கு நிலா வானத்தில் எந்தத் தெருவில் நிற்கிறது என்று அந்த வரி சொல்கிறது. அந்த விலாசத்தைப் பிடித்துக்கொண்டே முழு வானத்தையும் பழகிவிடலாம்.

அந்த வரியில் ஆரம்பித்து நிலா, கோள்கள், நட்சத்திரங்கள் என்று தாண்டி, கடைசியில் இன்னொரு கேலக்ஸி, அதாவது கோடிக்கணக்கான நட்சத்திரங்களின் இன்னொரு பெருங்கூட்டம் வரை போகப் போகிறோம். தொலைநோக்கி வேண்டாம். காலண்டர், பாய், கை போதும். ஆரம்பிக்க நல்ல மாதம் தை. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து வானம் தெளிந்திருக்கும், சாயங்காலத்திலேயே கிழக்கில் பெரிய பெரிய நட்சத்திரங்கள் ஏறி நிற்கும்.

மாடியைத் தயார் செய்வது

தெருவிளக்கு நேராகக் கண்ணில் படாத மூலையைத் தேடுங்கள். பெரும்பாலான மாடிகளில் அது தண்ணீர் டேங்கின் மறுபக்கம். பாயை அங்கே விரியுங்கள். நாற்காலியில் உட்கார்ந்தால் பத்து நிமிடத்தில் கழுத்து வலிக்கும். நம் ஊரில் முக்கியமான நட்சத்திரங்கள் பலவும் உச்சந்தலைக்கு மேலேதான் போகும்.

கண் இருட்டுக்குப் பழக இருபது முப்பது நிமிடம் ஆகும். நடுவில் ஒரு தடவை போனைப் பார்த்தால் பழகியது எல்லாம் போச்சு, முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். போனை வீட்டிலேயே வைத்துவிட்டு வருவதே மேல்.

எந்த ராத்திரி போவது என்பதையும் காலண்டரே சொல்லும். வானம் பார்க்கக் கிளம்பிய புதிதில் நான்கு நண்பர்கள் சேர்ந்து காரில் ஊரை விட்டு அறுபது கிலோமீட்டர் தள்ளிப் போனோம். எல்லோருக்கும் வசதியான நாள் என்று தேர்ந்தெடுத்தது பௌர்ணமி. கொண்டுபோன புளிசாதத்தைப் பளிச்சென்ற நிலா வெளிச்சத்தில் சாப்பிட்டுவிட்டு, இருபது நட்சத்திரம்கூட எண்ண முடியாமல் திரும்பி வந்தோம். திதி என்பது சூரியனுக்கும் நிலாவுக்கும் இடையே 12 பாகை (டிகிரி) விலகல். வானம் 12 பாகை நகர 48 நிமிடம் ஆகும். ஆக, வளர்பிறையில் திதியின் எண்ணை 48 நிமிடத்தால் பெருக்கினால், சூரியன் மறைந்து எவ்வளவு நேரம் கழித்து நிலா மறையும் என்பது ஏறக்குறைய வந்துவிடும். பஞ்சமி என்றால் ஐந்து தரம் 48, நான்கு மணி நேரம். பத்து, பத்தரைக்கு மேல் வானம் இருட்டு.

கைதான் அளவுகோல்

கையை முழுதாக நீட்டி முஷ்டியை மடக்கினால், அதன் அகலம் வானத்தில் சுமார் 10 பாகை. சுண்டு விரல் நுனி 1 பாகை. முழு நிலா அரை பாகைதான், அதாவது நீட்டிய சுண்டு விரலால் நிலாவை முழுக்க மறைத்துவிடலாம். யாரும் முதலில் நம்ப மாட்டார்கள், மறைத்துப் பார்த்த பிறகுதான் நம்புவார்கள்.

துருவ நட்சத்திரத்தை வைத்துத் திசை கண்டுபிடிக்கச் சொல்வார்கள். ஒரு ஊரின் அட்சரேகை எவ்வளவோ அவ்வளவு பாகை உயரத்தில்தான் துருவ நட்சத்திரம் நிற்கும். சென்னையில் 13 பாகை, கன்னியாகுமரியில் 8. ஒரு முஷ்டி உயரத்தில் எதிர்வீட்டு மாடிதான் இருக்கும். சூரியன் மறைந்த பக்கத்தை மேற்காக வைத்துக்கொள்ளுங்கள், போதும்.

காலண்டர் வரியைப் படிப்பது

சரி, இப்போது அந்தப் பொடி எழுத்து வரிக்கு வருவோம்.

நிலா ஒரு நட்சத்திரத்தின் அருகிலிருந்து கிளம்பி வானத்தைச் சுற்றி மறுபடி அதே நட்சத்திரத்திடம் வர 27.3 நாள் ஆகிறது. அந்தப் பாதையை நம் முன்னோர் 27 வீடுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் அங்கோ அருகிலோ இருக்கும் ஒரு நட்சத்திரத்தின் பெயரை வைத்தார்கள். ஒரு நாளைக்கு ஒரு வீடு. ஒரு வீட்டின் அகலம் பதிமூன்றேகால் பாகைக்குக் கொஞ்சம் மேல், அதாவது ஒன்றேகால் முஷ்டியை விடச் சற்று அதிகம். இன்று எட்டு மணிக்கு நிலா இருக்கும் இடத்தை அக்கம்பக்கத்து நட்சத்திரங்களை வைத்துக் குறித்துக்கொண்டு நாளை அதே நேரம் பாருங்கள். அந்த அளவுக்குக் கிழக்கே நகர்ந்திருக்கும்.

ஒரு நாள்கூடக் காத்திருக்க வேண்டியதில்லை. தை மாத வளர்பிறையில் தசமி, ஏகாதசி வாக்கில் காலண்டரில் ரோகிணி வரும். நிலாவுக்குப் பக்கத்தில் ஆரஞ்சு நிறத்தில் ஒரு நட்சத்திரம் தெரியும், அதுதான் ரோகிணி. மேற்கத்தியப் பெயர் அல்டெபரான். நிலாவுக்கும் அதற்கும் இடைவெளி எவ்வளவு என்று பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். சாப்பிட்டுவிட்டு நான்கு மணி நேரம் கழித்து வந்து பாருங்கள். நிலா மணிக்கு ஏறக்குறைய தன் அகலம் அளவுக்குக் கிழக்கே நகர்வதால், நட்சத்திரத்தைப் பொறுத்து நான்கு நிலா அகலம் தள்ளிப் போயிருக்கும். பூமி சுழல்வதால் மொத்த வானமும் மேற்கே சாய்கிறது, அதற்குள்ளேயே நிலா மட்டும் எதிர்த்திசையில் நடக்கிறது. பாடப் புத்தகத்தில் படித்த 'நிலா பூமியைச் சுற்றுகிறது' என்கிற வாக்கியத்தை நான் முதன்முதலில் கண்ணால் பார்த்தது அப்படித்தான்.

அப்படியானால் அமாவாசைக்கு அமாவாசை 29.5 நாள் ஏன்? கடிகாரத்தைப் பாருங்கள். பெரிய முள் ஒரு சுற்று சுற்ற 60 நிமிடம். ஆனால் 12 மணிக்குச் சின்ன முள்ளோடு சேர்ந்திருந்தது மறுபடி அதைப் பிடிக்க 65 நிமிடத்துக்கு மேல் ஆகிறது, சின்ன முள்ளும் அதற்குள் கொஞ்சம் நகர்ந்துவிடுகிறதே. நம் கண்ணுக்குச் சூரியனும் நட்சத்திரங்களுக்கு நடுவே மாதம் ஒரு ராசி நகர்கிறது. அதைப் பிடிக்க நிலாவுக்குக் கூடுதலாக இரண்டு நாள்.

காலண்டரை நம்பிப் போகும்போது இரண்டு விஷயம் ஞாபகம் இருக்கட்டும். காலண்டர் சொல்வது வீட்டை, அந்த நட்சத்திரத்தையே அல்ல. கார்த்திகை, ரோகிணி, மகம், சித்திரை எல்லாம் நிலாவின் பாதையை ஒட்டியே இருப்பதால் சுலபமாகப் பிடிபடும். சுவாதியும் திருவோணமும் வடக்கே மூன்று முஷ்டி தள்ளி இருக்கின்றன, நிலா அவற்றின் பக்கத்தில் போவதே இல்லை. இன்னொன்று, நிலாவின் பாதை சூரியனின் பாதையிலிருந்து 5 பாகை சாய்ந்திருக்கிறது, அந்தச் சாய்வும் 18.6 ஆண்டுக்கு ஒரு சுற்று திரும்புகிறது. அதனால் சில ஆண்டுகளில் நிலா ரோகிணியை மறைத்துக்கொண்டே போகும், சில ஆண்டுகளில் ஒரு முஷ்டி தள்ளிப் போகும்.

இந்த இரண்டு பாதைகளும் வெட்டிக்கொள்ளும் இரண்டு புள்ளிகள்தான் ராகுவும் கேதுவும். அங்கே போய்க் கண்ணால் பார்க்க ஒன்றும் இல்லை. ஆனால் சூரியனும் நிலாவும் அந்தப் புள்ளிகளுக்கு அருகில் வரும்போதுதான் கிரகணம் என்பதால், பாம்பு விழுங்குகிறது என்று சொன்னவருக்குக் கணக்கு தெரிந்திருக்கிறது.

மாதத்தின் பெயரிலேயே ஒரு குறிப்பு

எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி இது. பௌர்ணமியன்று நிலா சூரியனுக்கு நேர் எதிரே நிற்கும். எந்த நட்சத்திரத்தின் அருகே பௌர்ணமி வருகிறதோ அதன் பெயர்தான் பல மாதங்களுக்கு. சித்திரையில் சித்திரை, வைகாசியில் விசாகம், கார்த்திகையில் கார்த்திகை. பெயர் மாறினாலும் தைப்பூசம், மாசி மகம், பங்குனி உத்திரம் எல்லாம் அதே கணக்குத்தான்.

சூரியனுக்கு எதிரே இருக்கும் நட்சத்திரம் சூரியன் மறையும்போது கிழக்கில் உதிக்கும், விடியும் வரை வானத்தில் இருக்கும். ஆகவே மாசி மாதம் எந்த ராத்திரி, எத்தனை மணிக்கு மாடிக்குப் போனாலும் மகம் எங்கோ ஓரிடத்தில் நின்றுகொண்டிருக்கும். வெறும் கண்ணால் வானத்தைப் பார்த்தவர்கள், எந்த மாதம் எதைப் பார்க்கலாம் என்பதை மாதத்தின் பெயரிலேயே வைத்துவிட்டார்கள்.

கோள்கள்

நிலா போகும் பாதையை ஒட்டி, மினுக்காமல் நிதானமாக ஒளிரும் எதுவும் அநேகமாகக் கோள்தான். நட்சத்திரம் வெகு தூரத்தில் ஒரு புள்ளியாக இருப்பதால் காற்று கொஞ்சம் அசைந்தாலும் அதன் ஒளி தடுமாறும். கோள் சின்ன வட்டமாக இருப்பதால் அந்தத் தடுமாற்றம் ஒன்றையொன்று ஈடுகட்டிவிடும். செவ்வாய் சிவப்பு என்று படித்துவிட்டு, தென்மேற்கில் ஒரு சிவப்பு வெளிச்சத்தை மூன்று வாரம் செவ்வாய் என்று எல்லோருக்கும் காட்டிக்கொண்டிருந்தேன். எட்டு மணிக்கும் பத்து மணிக்கும் அதே இடத்தில் அசையாமல் நின்றதைப் பக்கத்து வீட்டுப் பையன்தான் கவனித்தான். செல்போன் டவர் விளக்கு.

வெள்ளி சூரியனை விட்டு 47 பாகைக்கு மேல் விலகாது. மாலையில் மேற்கிலோ விடியற்காலை கிழக்கிலோதான் தெரியும், நடுராத்திரி கிடைக்காது. வியாழன் சூரியனைச் சுற்ற ஏறக்குறைய 12 வருடம், எனவே வருடத்துக்கு ஒரு ராசி, அதுதான் குருப் பெயர்ச்சி. சனிக்கு 29.5 வருடம், எனவே ராசிக்கு இரண்டரை. பெயர்ச்சிப் பலன்களை நம்புகிறீர்களோ இல்லையோ, அந்தத் தேதி கோள் எங்கே இருக்கிறது என்பதைச் சரியாகவே சொல்கிறது. கும்பகோணத்து மகாமகம் 12 வருடத்துக்கு ஒருமுறை வருவதும் இதனால்தான். சிம்மத்தில் குரு, மகத்தருகே முழு நிலா. 2016இல் நடந்தது, அடுத்தது 2028. அன்று குளத்துக்குப் போகிறவர்கள் ராத்திரி ஒருமுறை தலையை நிமிர்த்தினால் காரணம் தலைக்கு மேலேயே இருக்கும்.

கண்ணுக்குத் தெரியும் கோள்கள் ஐந்து. யுரேனஸ் 1781இலும் நெப்டியூன் 1846இலும்தான் தொலைநோக்கி வழியாகச் சிக்கின.

மிளகும் அண்டாவும்

இனி தூரம். சமையலறையிலேயே அளந்துவிடலாம். பூமி ஒரு மிளகு என்று வையுங்கள், 5 மில்லிமீட்டர். நிலா ஒரு கடுகு. இரண்டுக்கும் இடையே ஒரு சாண் வைக்கலாம் என்று தோன்றும், கணக்கு போட்டால் 15 சென்டிமீட்டர், ஒரு சாணுக்குக் குறைவு. மனிதன் இதுவரை கால் வைத்த தூரம் அவ்வளவுதான்.

சூரியன் அரை மீட்டருக்குச் சற்று மேல் குறுக்களவுள்ள ஒரு கல்யாண அண்டா. மிளகை அதிலிருந்து கிட்டத்தட்ட 60 மீட்டர் தள்ளி வைக்க வேண்டும், தெருவில் நாலைந்து வீடு தாண்டி. வியாழன் ஒரு நல்ல எலுமிச்சம்பழம், 300 மீட்டரில். சனி அதைவிடச் சின்ன எலுமிச்சை, அரை கிலோமீட்டருக்கும் அப்பால். நெப்டியூன் ஒன்றேமுக்கால் கிலோமீட்டரில், அடுத்த பஸ் ஸ்டாப்பையும் தாண்டி. நடுவில் எல்லாம் வெறும் வெளி.

பக்கத்து அண்டா எங்கே? நமக்கு மிக அருகில் இருக்கும் நட்சத்திரத் தொகுதியான ஆல்ஃபா சென்டாரி 4.37 ஒளியாண்டு (அது என்ன என்று அடுத்த பத்தியில்) தூரத்தில் இருக்கிறது. நம் அளவில் 16,000 கிலோமீட்டர். சென்னையிலிருந்து நியூயார்க்கே 13,500 கிலோமீட்டர்தான். இதைக் கணக்குப் போட்ட அன்று எனக்குக் கொஞ்சம் பயமாகவே இருந்தது.

அதனால்தான் கிலோமீட்டரை விட்டுவிட்டு ஒளியின் பயண நேரத்தால் அளக்கிறார்கள். நிலாவிலிருந்து ஒளி வர 1.3 விநாடி, சூரியனிலிருந்து 8 நிமிடம் 20 விநாடி, வியாழனிலிருந்து முக்கால் மணி நேரம் முன்பின். ஒளியாண்டு என்பது ஒளி ஒரு வருடத்தில் போகும் தூரம், ஏறக்குறைய 9.46 லட்சம் கோடி கிலோமீட்டர்.

ஓரியனில் ஒரு முழு ஆயுள்

தை மாதம் இரவு ஏழரைக்குக் கிழக்கே பாருங்கள். சம இடைவெளியில் வரிசையாக மூன்று நட்சத்திரங்கள் நிற்கும். அது ஓரியன் என்னும் வேட்டைக்காரனின் இடுப்புப் பட்டை. இந்தப் பட்டை வான நடுக்கோட்டை (பூமியின் நடுக்கோட்டுக்கு நேர் மேலே வானத்தில் ஓடும் கோடு) ஒட்டி இருப்பதால் ஏறக்குறைய நேர் கிழக்கில் உதித்து நேர் மேற்கில் மறையும். துருவ நட்சத்திரம் தராத திசையை இது தரும்.

பட்டைக்கு இடது பக்கம் சிவப்பாக ஒன்று, வலது பக்கம் நீல வெள்ளையாக ஒன்று. சிவப்பு நம் திருவாதிரை, நீலம் ரைஜல். இரண்டையும் மாறி மாறிப் பாருங்கள், நிறம் நன்றாகவே தெரியும். கொல்லன் உலையில் இரும்பு முதலில் சிவக்கும், சூடு ஏற ஏற வெளுக்கும். நட்சத்திரத்திலும் அதேதான். திருவாதிரையின் மேற்பரப்பு 3,500 கெல்வின், நம் சூரியன் 5,800, ரைஜல் 12,000 சுமார்.

திருவாதிரை சூடு குறைவு என்றாலும் ஆள் பிரமாண்டம். சூரியன் இருக்கும் இடத்தில் அதை வைத்தால் பூமியை விழுங்கி, செவ்வாயின் பாதையையும் தாண்டும். எடை அதிகமான நட்சத்திரம் எரிபொருளை ஊதாரித்தனமாகச் செலவழிக்கும். 460 கோடி வயதான சூரியன் நடு வயதில் நிற்க, ஒரு கோடி வயதை ஒட்டிய திருவாதிரை கடைசிக் காலத்துக்கு வந்துவிட்டது. 2019 கடைசியிலும் 2020 தொடக்கத்திலும் அது கண்கூடாக மங்கியபோது, வெடிக்கப் போகிறது என்று உலகமே பரபரத்தது. தானே கக்கிய தூசி முகத்தை மறைத்ததுதான் காரணம் என்று பிறகு தெரிந்தது. என்றாவது வெடிக்கும், நம் காலத்தில் என்று எதிர்பார்த்து மாடியில் காத்திருக்க வேண்டாம்.

பட்டைக்கு வலப்பக்கம் மங்கலாகச் சின்ன வரிசை ஒன்று தெரியும், வேட்டைக்காரனின் வாள். அதன் நடுவில் இருப்பது கூர்மையாகத் தெரியாமல் கலங்கலாக இருக்கும். சாதாரண பைனாகுலர் இருந்தால் புகை மாதிரி தெரியும். அது ஓரியன் நெபுலா, புது நட்சத்திரங்கள் இப்போது பிறந்துகொண்டிருக்கும் வாயு மேகம். தூரம் 1,300 ஒளியாண்டுக்குச் சற்று மேல். மாமல்லபுரத்தில் பல்லவர்கள் பாறையைச் செதுக்கிய காலத்தையொட்டிக் கிளம்பிய ஒளி இன்று உங்கள் மாடியில் வந்து இறங்குகிறது.

பட்டையைக் கீழ்நோக்கி நீட்டினால் வானத்திலேயே மிகப் பிரகாசமான நட்சத்திரம், சிரியஸ். தூரம் 8.6 ஒளியாண்டு. அதைச் சுற்றி, வெறும் கண்ணுக்குத் தெரியாத ஒரு துணை இருக்கிறது. எரிந்து முடிந்த நட்சத்திரத்தின் மிச்சம் அது, பூமி அளவுதான், எடை சூரியனுக்குச் சமம். ஒரு டீஸ்பூன் எடுத்தால் டன் கணக்கில் நிறுக்கும். இதை வெண்குள்ளன் என்பார்கள். ஒரு வெண்குள்ளன் எவ்வளவு எடை வரை தாங்கும் என்ற கேள்விக்கு, சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த சந்திரசேகர் 1930இல் இங்கிலாந்துக்குக் கப்பலில் போகும்போது கணக்குப் போட்டார். வயது 19. சூரியனைப் போல 1.4 மடங்கு என்பது இன்றைக்கு சந்திரசேகர் எல்லை. நோபல் பரிசு வந்தது 1983இல்.

பிறப்பு வாளில், இளமை சிரியஸில், முதுமை திருவாதிரையில், அஸ்தி அதே சிரியஸின் பக்கத்தில். எல்லாம் நாலைந்து முஷ்டிக்குள்.

பட்டையை மேல்நோக்கி நீட்டினால் ரோகிணி, அதையும் தாண்டினால் கொத்தாகக் கார்த்திகை. ஆறு எண்ண முடிந்தால் கண் நன்றாக இருக்கிறது. இரவு பத்தரை வாக்கில் தெற்கே இரண்டரை முஷ்டி உயரத்தில் தனியாக ஜொலிப்பது அகத்தியர் நட்சத்திரம், கனோபஸ். பிரகாசத்தில் சிரியஸுக்கு அடுத்தது. லண்டன்காரர்கள் வீட்டிலிருந்து இதைப் பார்க்கவே முடியாது.

சித்திரை, வைகாசி மாலைகளில் வடக்கே சப்தரிஷி மண்டலம் ஏறும். ஏழில் ஆறாவது வசிஷ்டர், ஒட்டினாற்போல் மங்கலாக அருந்ததி. கல்யாணங்களில் பட்டப்பகலில் மண்டபத்து வாசலுக்கு அழைத்துப் போய் 'அருந்ததி தெரியுதா?' என்று கேட்பார்கள், மாப்பிள்ளையும் பெண்ணும் தெரிகிறது என்று தலையாட்டுவார்கள். ஒரு வைகாசி ராத்திரி நிஜமாகவே பார்த்துவிடுங்கள்.

பால்வெளி

இதுவரை பார்த்த எல்லா நட்சத்திரமும் நம் அக்கம்பக்கம்தான். நம் கேலக்ஸியான பால்வெளி ஒரு லட்சம் ஒளியாண்டு அகலமுள்ள தோசை. தோசைக்குள்ளேயே இருந்துகொண்டு விளிம்பைப் பார்ப்பதால், அது நமக்கு வானத்தின் குறுக்கே ஒரு மங்கிய பட்டையாகத் தெரிகிறது. மையத்திலிருந்து நாம் 26,000 ஒளியாண்டு தள்ளி இருக்கிறோம்.

மையம் இருக்கும் திசை விருச்சிகத்தின் வாலுக்குப் பக்கம், காலண்டர் கணக்கில் மூலம். வேர் என்று பொருள்படும் பெயர் அங்கே வந்து அமைந்தது தற்செயல்தான், ஆனாலும் நினைத்தால் நன்றாக இருக்கிறது. நகரத்து மாடியில் இது கிடைக்காது. பங்குனியில் அமாவாசையை ஒட்டி, விடியற்காலை மூன்றரை, நான்கு மணிக்கு, விளக்கில்லாத கிராமத்திலோ மலையிலோ தென்கிழக்கே பாருங்கள். ஜவ்வாது மலையில் காவலூரை வைணு பாப்பு வானியல் ஆய்வகத்துக்குத் தேர்ந்தெடுத்ததும் அந்த இருட்டுக்காகத்தான். அங்கே 2.34 மீட்டர் தொலைநோக்கி இருக்கிறது.

கடைசி நிறுத்தம்

தை அமாவாசையை ஒட்டி, இருட்டான இடத்தில், இரவு ஏழேகால். ஓரியனுக்கு முதுகைக் காட்டி மேற்கே திரும்புங்கள். நான்கு நட்சத்திரங்கள் கட்டில் கால்கள் மாதிரி ஒரு பெரிய சதுரமாக நிற்கும். பூரட்டாதியும் உத்திரட்டாதியும் சேர்ந்த சதுரம் அது. அதன் வடகிழக்கு மூலையிலிருந்து நட்சத்திரங்கள் ஒரு வரிசையாகக் கிளம்பும். முதலில் வருவது மங்கல், இரண்டாவது பிரகாசம். பிரகாசமானதில் நின்று வடக்குப் பக்கம் செங்குத்தாகத் திரும்பினால் இரண்டு மங்கல் நட்சத்திரங்கள். இரண்டாவதின் பக்கத்தில் பாருங்கள், ஆனால் நேராகப் பார்க்காதீர்கள். கொஞ்சம் தள்ளிப் பார்வையை வைத்தால் கண்ணின் ஓரம் மங்கலானதை நன்றாகப் பிடிக்கும். தலையணையிலிருந்து பிய்ந்த பஞ்சு மாதிரி ஒரு நீள்வட்டக் கறை தெரியும்.

அது ஆண்ட்ரோமேடா, இன்னொரு முழு கேலக்ஸி. 25 லட்சம் ஒளியாண்டு. இந்த ஒளி கிளம்பியபோது பூமியில் நம் மனித இனமே இல்லை.

எனக்கு மூன்றாவது தடவைதான் கிடைத்தது. முதல் தடவை மேகம், இரண்டாவது தடவை தப்பான சதுரம். உங்களுக்கும் கிடைக்காவிட்டால் கீழே இறங்கி வந்து, காலண்டரில் அடுத்த அமாவாசை எந்தக் கிழமை என்று பாருங்கள். மாசியிலும் இருட்டியவுடன் வடமேற்கில் கொஞ்ச நேரம் அது இருக்கும்.